கொழும்பு வீதி ஸுலைஹாவும் பன்வில ரோலரும்

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில் அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். சொன்னால் வயிறுதான் எரியும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தேழு, இருபத்தெட்டு வாக்கில் அங்கே பெயர்ப்பலகைகூட இல்லாமல் ஒரு கடை இருந்தது. வாசலில் இயந்திரச் சக்கரம் சுற்றுகிற தேய்ந்த தோல் பெல்ட் இரண்டு தொங்கும். உள்ளே எட்டிப் பார்த்தால் கூரை முட்ட இரும்பும் பித்தளையும். 'பளீல் முதலாளி கடை' என்றால் மலை முழுக்கத் தெரியும்.

கலகெதரையிலிருந்து பன்வில வரைக்கும் எந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் எந்தப் பழைய இயந்திரம் மக்கர் பண்ணினாலும், எஞ்சின் பார்க்கிறவருடைய கால் தானாகவே அந்தக் கடைக்கு வந்துவிடும். கொழும்புக் கம்பெனிகள் புது மாதிரி இயந்திரங்களுக்குத்தான் சாமான் வைத்திருந்தன. பழைய மாதிரிக்குக் கேட்டால், "எழுதிப் போடுகிறோம், கப்பலில் வரும்" என்று பதில் வரும். கப்பல் வருவதற்குள் கொழுந்தெல்லாம் அழுகிப்போகும். பளீல் செய்தது என்னவென்றால், மூடிப்போன தொழிற்சாலைகளுக்குப் போய், துரைமார் வேண்டாமென்று ஒதுக்கிய இயந்திரங்களை வாங்கி, அங்கேயே கழற்றி, மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தான். ஊரார் அவனைப் பழைய இரும்புக்காரன் என்று கேலி பண்ணினார்கள். பண்ணியவர்கள் வீட்டு இயந்திரம் ஒருநாளும் நின்றதில்லை போலும்.

அவன் மனைவி ஸுலைஹா தேயிலைத் தொழிற்சாலை ஒன்றைக் கண்ணால் கண்டதே இல்லை. முன்னால் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு பச்சைத் திரை. அந்தத் திரைக்கு இந்தப் பக்கம்தான் அவள் உலகம். ஆனால் வண்டியில் வந்து இறங்குகிற ஒவ்வொரு சாமானும் முதலில் அவள் கைக்குத்தான் வரும். மாட்டுக் கொழுப்பையும் தேன்மெழுகையும் அடுப்பில் உருக்கிக் கலந்து, ஒவ்வொன்றுக்கும் தடவி, துணியில் சுற்றி வைப்பாள். கண்டி மழைக்கும் பனிக்கும் இரும்பைச் சும்மா வைத்தால் ஒரு மாதத்தில் துரு ஏறிவிடும். சுற்றுகிற துணி கம்பளையிலிருந்து வரும். பளீலின் நாநா, அதாவது அண்ணன், முஹைதீனுக்கு அங்கே பெரிய புடைவைக் கடை. கொழுப்பு உருகுகிற நாளில் வேலைக்கு நிற்கிற பாப்பம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடிவிடுவாள். பன்வில தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாப்பம்மாவுக்கு மாட்டுக் கொழுப்பு ஆகாது. மற்றபடி ஸுலைஹாவுக்காக உயிரைக் கொடுப்பாள்.

சாமான்களை அடுக்குவதும் ஸுலைஹாவின் பொறுப்புத்தான். அவள் அடுக்கிய விதம் வேறு எந்தக் கடையிலும் கிடையாது. அதிகம் விற்பது முன்னால், விற்காதது பின்னால் என்றுதானே எந்தக் கடைக்காரனும் வைப்பான். இவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: இது இல்லாவிட்டால் தொழிற்சாலை நிற்குமா, நிற்காதா? கயிற்றைக் கட்டியோ மரத்தைச் செதுக்கியோ சமாளிக்கக் கூடியதெல்லாம் பின்னால். இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது என்கிற சாமான், பத்து வருஷத்துக்கு ஒருதரம் கேட்கப்பட்டாலும் சரி, கை நீட்டினால் எட்டுகிற தட்டில். தை, மாசியில் தண்ணீர் வற்றி இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும்போதே, சித்திரைக் கொழுந்துக்கு எந்தத் தொழிற்சாலைக்கு என்ன தேவைப்படும் என்று அவள் யோசித்து முடித்திருப்பாள்.

இதையெல்லாம் அவள் எங்கே படித்தாள்? சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து படித்தாள். மலையெல்லாம் சுற்றிவிட்டு மாலையில் வந்து சாப்பிட உட்கார்ந்ததும் பளீலுக்கு ஒரு கூத்து உண்டு.

"ஸுலைஹா, கலகெதர ரோலர் இண்டைக்குப் பாடின பாட்டக் கேளு" என்பான்.

கேட்பதற்கு முன்பே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். அவன் கன்னத்தை உப்பிக்கொண்டு, "டக்கு டக்கு டொம், டக்கு டக்கு டொம்" என்று வாயாலேயே கொழுந்து சுருட்டுகிற அந்த ரோலரை ஓட்டுவான். தோளையும் ஆட்டுவான். "பித்தள வளையம் தேஞ்சிட்டு" என்பாள் இவள். பல்லைக் கடித்துக்கொண்டு "கிர்ர்ரீச்" என்பான். "பல்சக்கரத்துக்கு எண்ணெ போடல்ல" என்பாள். அவன் முகம் அப்படியே மலர்ந்துபோகும். பிள்ளை இல்லாத வீடு அது. ஆனால் பக்கத்து வீட்டார் அந்த வீட்டிலிருந்து வருகிற சிரிப்பைப் பற்றித்தான் எப்போதும் பேசினார்கள்.

அந்த வருஷம் தை மாதக் கடைசியில் ஒரு காய்ச்சல். டாக்டர் வந்தார், நாட்டு மருந்துப் பரிசாரியும் வந்தார். யார் வந்து என்ன, பளீல் போய்விட்டான். நாற்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை.

ஸுலைஹா இத்தா இருந்தாள். புருஷன் மவுத்தான பெண் நாலு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. கண்ணில் படாமல் இருந்தால் மட்டும் போதாது, குரலும் ஆண்கள் காதில் விழக்கூடாது என்று அந்தத் தெருப் பெண்கள் ஒரு கட்டு மேலே கட்டி வைத்திருந்தார்கள். பளீலின் நாநா முஹைதீனும் அவளுக்கு அந்நிய ஆண்தான். அதனால் அவர் கடைப் பக்கம் கதிரையில் உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பேசுவார். இவள் பதிலைப் பாப்பம்மா கொண்டுபோய்ச் சொல்வாள்.

முஹைதீன் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். பிள்ளையில்லாத தம்பியின் சொத்தில் பெரும் பங்கு சட்டப்படி அவருக்கு வந்திருந்தது. இருந்தும் அவர் கவலையெல்லாம் ஸுலைஹாவைப் பற்றித்தான்.

"தங்கச்சி, நான் சொல்றதக் கேளு. ஒரு பொம்புளப்புள்ள இந்த இரும்போட என்ன செய்யப் போற? மூணு வருஷமா அசையாத சாமான் சாமானே அல்ல. கொழும்பால ஒரு ஆள் வந்து நிறுத்து எடுத்துக்கிட்டுப் போவான். நீ கம்பளைக்கு வா. ஹிதாயாவும் நீயும் ஒருதாய்ப் புள்ளையள் மாதிரி ஈக்கலாம்."

ஹிதாயா அவர் மனைவி. அவளும் நல்லவள். புடைவைக்காரருக்குத் தட்டு காலியானால் பெருமை. திரைக்கு இந்தப் பக்கம் ஸுலைஹாவுக்கோ, என்றைக்கோ ஒருநாள் எவனோ ஒருவன் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்து கேட்கும்போது சாமான் இருப்பதுதான் பெருமை. இதைப் பாப்பம்மாவிடம் சொல்லி அனுப்ப முடியுமா? "யோசிச்சிச் சொல்றேன்னாங்க" என்று பாப்பம்மா சொன்னாள்.

யோசிப்பதற்குள் முஹைதீன் வேலையைத் தொடங்கிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள் கம்பளையிலிருந்து ரெயிலில் வந்து, விற்காத சாமான்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டி வாசலோரம் அடுக்கினார். கை நீட்டினால் எட்டுகிற தட்டுத்தான் முதலில் காலியானது. அதில்தானே வருஷக்கணக்கில் யாரும் கேட்காத சாமான் இருந்தது.

சித்திரையில் நல்ல மழை பெய்தது. மலையெல்லாம் கொழுந்து பொங்கியது. பன்வில தொழிற்சாலையில் எஞ்சின் பார்க்கிற பரமநாதன் ஒரு காலை நேரம் கடைக்குள் ஓடிவந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கோட்டும் நெற்றியில் திருநீறுமாக எப்போதும் மடிப்புக் கலையாமல் வருகிற மனிதர். அன்றைக்குக் கோட்டில் எண்ணெய். கடையிலிருந்த முஹைதீனிடம் சொன்னார்:

"முதலாளி, ரோலர் நிண்டு போச்சு. இருக்கிறதே ஒண்டுதான். கொழுந்து குவிஞ்சு கிடக்குது. ஆக்களுக்கு நாளையில இருந்து வேலை இல்லை எண்டு துரை சொல்லிப் போட்டார். பளீல் இருந்தால் ஒரு வழி சொல்லுவார்."

வேலை இல்லை என்றால் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற லயங்களில் அடுப்பு எரியாது. பாப்பம்மாவின் தங்கை குடும்பம் அங்கேதான் இருந்தது. அவள் திரைக்குள் தலையை நீட்டி, "அம்மா, நம்ம பன்வில ரோலருங்க" என்றாள்.

ஸுலைஹாவுக்கு ஒரே நேரத்தில் பயமும் சந்தோஷமும். முஹைதீன் மச்சான் கடையிலேயே உட்கார்ந்திருக்கிறார். இந்தக் கடை தன்னாலும் நடக்கும் என்று அவர் கண்முன்னாலேயே காட்ட இதைவிட நல்ல சமயம் வராது.

"எப்படிச் சத்தம் போட்டிச்சாம்? செஞ்சி காட்டச் சொல்லு."

பாப்பம்மா போய்ச் சொன்னாள். பரமநாதன் முதலில் புரியாமல், எந்த இடத்தில் சூடேறியது, எவ்வளவு ஆடியது என்று விளக்கினார். பாப்பம்மா மறுபடியும் வந்தாள்.

"அதில்லைங்கய்யா. அம்மா சத்தத்தத்தான் கேக்குறாங்க. வாயால."

பரமநாதன் வீதியைப் பார்த்தார். முஹைதீனைப் பார்த்தார். முஹைதீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கொழுந்து அழுகிக்கொண்டிருக்கும்போது மானத்தைப் பார்த்தால் ஆகுமா? தொண்டையைச் செருமிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் தேவாரம் ஒப்பிக்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, "டொக், டொக், டொடொக்" என்றார். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார்.

திரைக்குப் பின்னால் ஸுலைஹா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பளீலின் 'டக்கு டக்கு டொம்' போலத்தான் இருந்தது. கிட்டத்தட்ட. பித்தளை வளையங்கள் என்று முடிவு கட்டினாள். அவை இருக்கிற இடத்தைச் சொல்லி அனுப்ப, முஹைதீன் எடுத்துக் கொடுத்தார். பரமநாதன் ஓடினார். அந்த அவசரத்தில் ஒன்றை அவள் கோட்டை விட்டுவிட்டாள். பழைய சாமானைக் கொண்டுவந்து மேசையில் வைத்தால்தான் புதுச் சாமான் என்பது பளீல் கடையின் சட்டம். எத்தனை பெரிய துரையிடமிருந்து ஆள் வந்தாலும் பளீல் அதை விட்டுக் கொடுத்ததில்லை. அவள் கேட்கவேயில்லை.

மறுநாளே பரமநாதன் திரும்பி வந்தார். இந்த முறை ஓடிவரவில்லை, நடந்து வந்தார். புது வளையம் அரை நாள்கூடத் தாங்கவில்லை, சுட்டுப்போய் மறுபடியும் ஆட்டம். முஹைதீன் ஒன்றும் குத்திப் பேசவில்லை. "பாவம், அவ என்ன செய்வா. இரும்பு நிறுக்கிற ஆள் நாளக்கி வாரான்" என்று மட்டும் மெல்லச் சொன்னார். அது திரை தாண்டிக் கேட்டது.

ஸுலைஹா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். தனக்கு இயந்திரம் தெரியும் என்று இத்தனை காலம் நினைத்திருந்தாளே, அவளுக்குத் தெரிந்தது பளீலின் வாய் மட்டும்தான். அந்த வாய் மூடிவிட்டது. அதோடு தன் கெட்டித்தனமும் மூடிவிட்டது என்று நினைத்தபோது, மவுத்தான அன்றைக்கு அழுததைவிட அதிகமாக அழுகை வந்தது. லயத்தில் பட்டினி கிடக்கிற பிள்ளைகளை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

அப்போது பாப்பம்மா ஒரு சாக்குப் பையைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "இந்தாங்கம்மா, பழைய வளையமும் சுட்டுப்போன வளையமும். நேத்து பழையத அங்கேயே வெச்சிட்டு வந்துட்டாராம். கடைச் சட்டமாச்சேன்னு இன்னைக்கு எடுத்தாந்திருக்காரு."

அழுதபடியே, வேறென்ன செய்வது என்று தெரியாமல், அவள் அவற்றை எடுத்துத் தடவினாள். வருஷக்கணக்காகச் செய்த வேலைதானே, கை தானாகவே போனது. உள் விளிம்பில் விரல் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பழைய வளையம் ஒரே பக்கமாகத் தேய்ந்திருந்தது. புதியதும் அரை நாளில் அதே பக்கம் வழித்துவிட்ட மாதிரி. செருப்பு எப்போதும் ஒரே ஓரமாகத் தேய்ந்தால் செருப்பைக் குறை சொல்லி என்ன பயன், காலல்லவா கோணல். வளையத்துக்குள் சுழல்கிற தண்டு வளைந்திருக்கிறது. வளையம் எத்தனை மாற்றினாலும் அது தின்றுகொண்டேதான் இருக்கும். அப்படிப்பட்ட தண்டு சேர்ந்தே வருகிற இரும்புக் கை ஒன்று, மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து வந்தது, அவள் கையாலேயே நீலத் துணியில் சுற்றி எட்டுகிற தட்டில் வைத்தது, கடையில் இருக்கிறது.

வெளியே முஹைதீன் சாக்குகளை வாசலுக்கு நகர்த்துகிற சத்தம் கேட்டது.

பாப்பம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்ப அவளுக்குப் பொறுக்கவில்லை. "பெரிய மச்சான், சாக்கக் கட்ட வாணாம்" என்றாள். நன்றாக, உரக்க. "நீலத் துணி சுத்தின கை ஒண்டு ஈக்கிது, என் கை நீளம் வரும். அதப் பரமநாதன் ஐயாக்கிட்டக் குடுங்கோ. வளையம் பழுதில்ல. தண்டுதான் கோணிட்டு. அந்தக் கையயும் இன்னொரு புது வளையத்தயும் சேத்து மாத்தச் சொல்லுங்கோ."

தெருப் பெண்கள் ஒரு மாதம் இதைப் பேசினார்கள். பேசட்டும். முஹைதீன் இடுப்பில் உடுத்த வெள்ளைச் சாரத்தோடே சாக்குக்குள் கையை விட்டுத் துழாவினார். முழங்கை வரை கொழுப்பு. நாலாவது சாக்கில் அகப்பட்டது. துணியைப் பிரித்தபோது நேற்றைக்குச் செய்ததுபோல் இரும்பு பளபளத்தது. சுற்றியிருந்தது தன் கடைத் துணிதான் என்பதையும் அவர் கண்டுகொண்டார்.

மறுநாள் பன்விலயில் ரோலர் ஓடியது. இரும்பு நிறுக்கிற ஆள் வந்து, சும்மா திரும்பிப் போனான். சாக்குகளை அவிழ்த்தபடி முஹைதீன் திரையைப் பார்த்துச் சொன்னார்: "இத்தா முடியட்டும் தங்கச்சி. கடையா, கம்பளையா எண்டு நீயே சொல்லு. நீ சொல்றதுதான்."

ஸுலைஹாவுக்கோ சந்தேகம். ஒருமுறை கை சொன்னது சரியாகிவிட்டது, அவ்வளவுதான். வாய்ச் சத்தத்தை நம்பித்தான் இத்தனை வருஷமும் சாமான் சேர்த்திருக்கிறாள். அது சரியா பிழையா என்று தெரியாமல் மலையிலுள்ளவர்களின் பிழைப்பைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள அவளுக்குத் துணிவில்லை. நிஜ ரோலரை ஒருதரம் காதால் கேட்டுவிட வேண்டும். அதில் பளீலின் சத்தம் இருந்தால் கடை, இல்லாவிட்டால் கம்பளை. இப்படித்தான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டாள். உள்ளுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. அந்தச் சத்தத்தில் அவனை இன்னொருதரம் கேட்கலாமே.

இத்தா முடிந்து குளித்து உடுத்த பிறகு, "கம்பளைக்குப் போறதுக்கு முந்தி பன்விலக்கிப் போகணும் மச்சான்" என்றாள். முஹைதீன் ஏனென்று கேட்காமல் வாடகைக் கார் பிடித்தார். பாப்பம்மாவும் ஏறிக்கொண்டாள்.

தொழிற்சாலை வாசலில் காய்ந்த தேயிலையின் வாசம் முகத்தில் அடித்தது. பளீலின் சட்டையில் தினமும் வந்த வாசம். அவள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பரமநாதன் பின்னால் போனாள். ரோலர் ஓடிக்கொண்டிருந்தது. வட்ட மேசை மேல் பெரிய பித்தளைப் பெட்டி சுற்றிச் சுற்றி வர, "ஊம்ம்ம்" என்று ஒரே ஆழ்ந்த முனகல். டக்குவும் இல்லை, டொம்மும் இல்லை. அவள் நின்று கேட்டாள். பக்கத்தில் போய்க் கேட்டாள். பழுதான இன்னொரு இயந்திரத்தையும் ஓட்டிக் காட்டச் சொன்னாள். அதுவும் வேறு மாதிரித்தான் முனகியது. பளீல் எங்கேயும் இல்லை.

"இது பழுதானா டக்கு டக்கு டொம் எண்டு கேக்காதா?" என்றாள்.

பரமநாதன் யோசித்தார். "இல்லைத் தங்கச்சி. நான் அண்டைக்குக் கடையில செய்து காட்டினதும் ஏதோ வாய்க்கு வந்ததுதான். இந்த இரைச்சலுக்குள்ள சத்தத்தை வைச்சு ஒண்டும் பிடிக்கேலாது. பளீலும் சத்தம் கேக்கிறேல்லை. கழட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கையாலதான் தடவிப் பார்ப்பார். நீங்கள் அந்த வளையத்தைப் பார்த்த மாதிரித்தான்."

"அப்ப சத்தம் செஞ்சி காட்டுறதெல்லாம்?"

"சத்தமோ? அவரோ? இஞ்சை வந்தால் வாய் திறந்து நாலு சொல்லுப் பேசமாட்டார் அந்த மனுசன்."

ஸுலைஹா அங்கேயே ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள். என்ன தேய்ந்தது, எது கோணியது என்பதைத் தன் கையால் தெரிந்துகொண்டுதான் அவன் ஒவ்வொரு நாளும் வீட்டுக்கு வந்திருக்கிறான். பிறகு கன்னத்தை உப்பி, தோளை ஆட்டி, இல்லாத சத்தங்களையெல்லாம் ஒவ்வொன்றாக உண்டாக்கி, இந்தச் சாமானுக்கு இந்தச் சத்தம் என்று அவளுக்குப் பழக்கி வைத்திருக்கிறான். திரைக்கு இந்தப் பக்கத்தை விட்டு நகராத ஒருத்தி சிரிக்க வேண்டும் என்பதற்காக. மலையில் யாருமே கேட்டிராத பாட்டு. அவளுக்கென்று மட்டும் பாடியது. பாட்டுத்தான் பொய், அதற்குள் அவன் வைத்த பழுதுகள் எல்லாம் நிஜம்; அவற்றைக் கண்டது கை, அந்தக் கை அவளுக்கும் இருந்தது. அவள் வாய்விட்டு அழுதாள். ரோலர் இரைச்சலில் அது பாப்பம்மாவைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை.

வெளியே வந்தபோது முஹைதீன் காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் சிவந்த கண்ணைப் பார்த்ததும் அவருக்கும் முகம் மாறிவிட்டது.

"கம்பளைக்குத்தானே தங்கச்சி?"

"கண்டிக்கு விடச் சொல்லுங்கோ மச்சான்" என்றாள் ஸுலைஹா. "அடுத்த மழைக்கு பெல்ட் எல்லாம் இழுபடும். நாம இன்னும் ஒண்டும் வாங்கி வெக்கல்ல."